கையை நீட்டியிருந்தால்

எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பற்களுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. அவள் செய்வது பல் செட். பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த ஒரு நீள அறையில், முகம் தெரியாதவர்களின் தாடைகளைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவள் வேலை. கீல் வைத்த ஓர் இரும்புச் சட்டத்தில் மேல் தாடையும் கீழ்த் தாடையும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்ப்பாள். வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு, அந்தத் தாடை அவளிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பது போலிருக்கும்.

அவளுக்கு அது கேட்காது. காதில் ஹெட்போன். ஹெட்போனில் எப்போதும் ஒரே ஹார்ட் ராக் குழு. பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் பிடித்த கிறுக்கு, தலைமயிர் நரைத்தும் விடவில்லை. பாலிஷ் மோட்டார் சுற்றும் சத்தத்தையும் மீறி குழுவின் ஐந்து பேரும் அவள் தலைக்குள் இடி இடிப்பார்கள். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்யும் அவள் கணவருக்கு இதில் ஒரே ஓர் அபிப்பிராயம்தான் உண்டு. "இந்தச் சத்தம் கம்ப்ரசர்ல வந்தா நான் கம்ப்ரசரை மாத்திடுவேன்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல மனிதர்.

இவ்வளவு பெரிய ரசிகை, அந்தக் குழுவை நேரில் பார்த்ததில்லை. அவளுடைய தங்கை பார்த்திருந்தாள்.

பல்லக்காவின் வாழ்க்கையில் வீடு, வேலை, பிள்ளைகள் என்று எத்தனையோ இருந்தாலும், அடிவயிற்றில் அணையாமல் கிடந்த கங்கு இந்த ஒன்றுதான்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயதில் அந்தக் குழு அவர்கள் ஊருக்கு வந்தது. விடியும் முன்பே போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். ஒரே ஒரு டிக்கெட். அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்து, தினம் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் காலையில் கண் விழித்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பொன்னுக்கு வீங்கி. சாயங்காலத்துக்குள் இரண்டு கன்னமும் உப்பி, கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு துணியை இழுத்துக் கட்டி அம்மா படுக்க வைத்துவிட்டாள். ஒரு டிக்கெட் வீணாவதா என்று அப்பா யோசித்தார். பக்கத்துக் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்து, "நீ போயிட்டு வா" என்றார்.

தங்கைக்கு அப்போது பதினாறு. அந்தக் குழுவில் யார் பாடுகிறார், யார் கிட்டார் வாசிக்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லலாம் என்றால் பல்லக்காவால் வாயைத் திறக்கவே முடியவில்லை. சித்தப்பா தங்கையை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வெளியே வண்டியில் காத்திருந்து கூட்டிவந்தார்.

மறுநாள் காலை, அவள் தங்கையைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். கடித்த பல்லுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு கேள்வியாக வெளியே விட்டாள். பத்திரிகைகளில் படித்துப் படித்து, அந்தக் குழு மேடையில் என்னென்ன செய்யும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"கிட்டாரை முதுகுக்குப் பின்னாடி தூக்கி வச்சு வாசிச்சாரா?"

"ஆமாம்."

"கடைசிப் பாட்டுல மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டு, அவர் பாடாம நின்னாரா?"

"ஆமாம்."

"கழுத்துல இருக்கிற துண்டை வீசினாரா?"

"வீசினார்."

"நீ இருந்த பக்கமா?"

"ஆமாம்."

"பக்கத்துலயா விழுந்துச்சு? கையை நீட்டியிருந்தா கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்."

"ஏண்டி நீட்டல?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "தோணல" என்றாள்.

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அந்த "தோணல" மட்டும் வடியவில்லை. பாடகருடைய துண்டு, அவர் வியர்வை ஊறிய துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து விழுந்திருக்கிறது. இவளுக்குத் தோணவில்லையாம். தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது, குழந்தை பிறந்தபோது, சோபா கடையில் நல்ல வேலை கிடைத்தபோது, பல்லக்கா மனதார வாழ்த்தினாள். அதிலெல்லாம் அவளுக்குப் பொறாமையே கிடையாது. ஆனால் தங்கை எதையாவது தவற விட்டால் போதும். பஸ்ஸையோ பால் பாத்திரத்தையோ, எதுவாக இருந்தாலும் சரி. "உனக்குத்தான் கை நீளாதே" என்று ஒரு வார்த்தை வந்து விழும். தங்கை சிரிப்பாள். கடையில் வாடிக்கையாளர் எது சொன்னாலும் "ஆமாம் மேடம்" என்று சிரித்துப் பழகிய முகம். இந்த மெத்தை முதுகுவலிக்கு நல்லதா என்றால் ஆமாம். இடுப்புவலிக்கு? ஆமாம் சார், அதுக்கும்தான்.

கைபேசியில் ரசிகர்கள் குழு ஒன்று உண்டாகி, பல்லக்கா அதில் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அந்தக் குழுவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஆல்பத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். மேடை நிகழ்ச்சியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், பழைய ஐந்து பேரையும் ஒன்றாக மேடையில் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்கள் வாயைத் திறந்தால், "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று ஒரு வரி வரும். அத்தோடு கதை முடிந்தது. அந்த வரியை எழுதுகிறவர் கூரியர் அலுவலகத்து மேலாளர். அவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"நான் பாக்கல. என் தங்கச்சி பாத்திருக்கா" என்று பல்லக்கா எழுதினாள். அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை. மரியாதை அவளுக்கா என்றால், இல்லை. தங்கச்சி என்ன சொல்றாங்க, தங்கச்சிகிட்ட கேட்டீங்களா, தங்கச்சி நல்லா இருக்காங்களா? குழுவில் இல்லாத ஒருத்திக்குக் குழுவில் நாற்காலி போட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

இப்படி முப்பது வருஷம் போன பிறகு, அந்தக் குழு மறுபடி வரப்போகிறது என்று செய்தி வந்தது.

செய்தி வந்த நிமிஷத்திலிருந்து கைபேசி சூடாகியே கிடந்தது. ட்ரம்ஸ் வாசித்தவர் இறந்துபோய், அவருடைய மருமகன் வாசிக்கிறார். பேஸ் கிட்டார்காரருக்கு இடுப்பு எலும்பு மாற்றி, முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். பாடகருக்கு எழுபதாகப் போகிறது.

"இது குழு இல்ல. குழுவோட போட்டோ" என்றார் ஒரிஜினல்.

மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் ரசிகர்கள் குழுவில் உண்டு. பெயரே பார்மசிதான். "வயசான கைலதான் அழுத்தம் இருக்கும். அவசரம் போயிடுச்சுல்ல" என்று அவள் பதில் எழுதினாள்.

"பாட்டை ரெண்டு படி கீழ இறக்கிப் பாடறார்."

"நீங்க ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவர் பாட்டையும் தூக்கிட்டு ஏறணும்."

"நேர்ல பாத்தவங்க சொல்லட்டும். பல்லக்கா, தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டையும் பாக்கப்போறவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்க சொல்றதுதான் தீர்ப்பு."

பல்லக்காவுக்குத் தனியாகப் போகத்தான் ஆசை. இருந்தும் தங்கைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் தங்கை தன் வாயால், எல்லோர் முன்னாலும், "அன்னிக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல, இதுதான் பெருசு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும். முப்பது வருஷத்து வயிற்றெரிச்சல் அதோடு அணைந்துவிடும். சொல்லாவிட்டால்? அதை அவள் யோசிக்கவில்லை.

நிகழ்ச்சி சாயங்காலம் நான்கு மணிக்கே வைத்திருந்தார்கள். இருட்டும் முன்பு முடிந்துவிடும். "மாத்திரை போட்டுட்டுத் தூங்கணும்ல" என்றாள் பார்மசி. ரசிகர்கள் எல்லோருமாக ஒரு வேன் பிடித்தார்கள். வேனில் ஏறியவுடன், முன் சீட்டில் ஜன்னலோரத்தைத் தங்கைக்குக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பல்லக்கா பின்னால், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானா அது" என்றார் ஒரிஜினல், ஏதோ கல்வெட்டைப் பார்ப்பதுபோல. "சொல்லுங்கம்மா. எல்லாத்தையும் உங்க வாயாலயே கேக்கணும்."

தங்கை சொன்னாள். கிட்டார் முதுகுக்குப் பின்னால் போனது, மைக் கூட்டத்தை நோக்கி நீண்டது, துண்டு பறந்து வந்தது. சோபா விற்கிற குரலில், அழகாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திச் சொன்னாள். வேனில் பெருமூச்சுகள் எழுந்தன. யாரோ, "கையை நீட்டலையா?" என்றார்கள்.

"தோணல" என்றாள் தங்கை. வேனே சிரித்தது. அவளுடைய பெருந்தன்மையை எல்லோரும் ரசித்தார்கள். பல்லக்கா பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கடித்தால் பல் தேய்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

"அம்மா, ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் ஒரிஜினல். "அந்தச் சுற்றுப்பயணத்துல மேடைக்குப் பின்னாடி ஒரு பெரிய திரை தொங்கவிட்டாங்க. அதுல என்ன படம் வரைஞ்சிருந்துச்சு? ஒருத்தர் ஒண்ணு சொல்றாங்க. போட்டோ எதுலயும் சரியா விழல."

தங்கை வாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பி, அத்தனை தலைகளையும் தாண்டி, பின் சீட்டில் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பல்லக்காவுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சைக்குப் போகும் வழியில், 'அக்கா, இது என்னன்னு சொல்லேன்' என்று பார்க்கும் பார்வை. ஆனால் திரையைப் பற்றி அக்கா அன்றைக்குக் கேட்கவே இல்லையே.

"படம்... பெருசா இருந்துச்சு" என்றாள் தங்கை.

"பெரிய திரைல பெரிய படம்தான் இருக்கும்" என்றாள் பார்மசி. மறுபடி சிரிப்பு. வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பல்லக்கா மட்டும் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் வந்த ஒவ்வொரு பதிலையும் அவள் திருப்பிப் பார்த்தாள். ஆமாம், ஆமாம், வீசினார், ஆமாம். கேள்வியில் இல்லாத ஒரு வார்த்தைகூடப் பதிலில் இல்லை. "தோணல" ஒன்றைத் தவிர.

விளையாட்டு மைதானத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பக்கவாட்டில், சிமெண்ட் படி வரிசை. மேடையில் ஆட்கள் ஒயர்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் காப்பி வாங்கப் போன சமயம் பார்த்து பல்லக்கா கேட்டாள்.

"அன்னிக்கு நீ உள்ளதான இருந்த?"

"உள்ளதான்க்கா இருந்தேன்."

"என்ன பாத்த?"

"முதுகுதான் பாத்தேன். எனக்கு முன்னாடி எல்லாரும் பனைமரம் மாதிரி உயரம். ஒரே சத்தம். காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் பின்னாடி ஒரு பெஞ்சுல போய்ப் படுத்தேன். தூங்கிட்டேன்போல. சித்தப்பா வந்து எழுப்பினார்."

"துண்டு?"

"யாருக்குத் தெரியும்."

"பாவி. முப்பது வருஷமா..."

"நீதானக்கா கேட்ட" என்றாள் தங்கை. குரலில் ஒரு துளி வருத்தமோ வெட்கமோ இல்லை. "மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்த. ஆமாம்னு சொன்னா கண்ணு மட்டும் பளிச்சுனு ஆச்சு. இல்லன்னா அழுதிருப்ப. அழுதா தாடை வலிக்கும்னு அம்மா சொல்லியிருந்தாங்க. எல்லாம் நீயே சொல்லிட்ட. நான் தலையத்தான் ஆட்டினேன்."

அப்படியானால் முப்பது வருஷமாகப் பல்லக்கா எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்? வலியோடு படுத்துக்கொண்டு, பல்லிடுக்கில் அவளே கட்டி நிறுத்திய ஒரு நிகழ்ச்சி. மெழுகு ஈறில் பல் நிறுத்துவதுபோல ஒவ்வொன்றாக அவளேதான் நிறுத்தியிருக்கிறாள். சிரித்துவிட்டுப் போகலாம். இனி இன்றைக்கு நடப்பதுதான் முதல். தங்கைக்கும் முதல், தனக்கும் முதல். சரிக்குச் சரி. அவளால் சிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் எரிந்த நெருப்புக்கு விறகே இல்லை என்று தெரிந்தால் நெருப்பு அணைந்துவிடுமா என்ன? அது வேறு விறகு தேடும்.

முதல் கிட்டார் ஒலி மைதானத்தின் மேல் வந்து விழுந்தது. சிமெண்ட் படி காலுக்கடியில் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

தங்கையும் எழுந்தாள். பல்லக்கா அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏமாற்றுகிறாளா என்று பார்க்கத்தான் பார்த்தாள். இவளுக்கு என்ன தெரியும், கைதட்டுவாள், ஆமாம் மேடம் என்று தலையாட்டுவாள். ஆனால் தங்கை கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருப்பதுகூடத் தெரிந்தது. அப்படி ஒரு திறப்பு. இரண்டாவது பாட்டில் அவள் தோள்கள் ஆடின. மூன்றாவதில், வார்த்தையே தெரியாமல், கூடவே பாடினாள். மெதுவான பாட்டு ஒன்று வந்தபோது கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டாள். மறுபடி நனைந்தது. கடைசியில் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அடுத்த வீட்டுக் கதவுகூடத் தெரியாது. இருந்தும் மேடை இருந்த திசையைப் பார்த்து, கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஏன் இப்படி வரவில்லை என்று பல்லக்கா நினைத்தாள். ஒவ்வொரு பாட்டும் எனக்கு மூச்சு வாங்கும் இடம் உட்படத் தெரியும். இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏன் இவளுக்கு?

மைதானம் ஒரே குரலில் அலறியது. பல்லக்கா திடுக்கிட்டு மேடையைப் பார்த்தாள். பாடகர் இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் துண்டு இல்லை.

முடிந்துவிட்டது. நிகழ்ச்சி முழுக்க அவள் தங்கையைத்தான் பார்த்திருக்கிறாள்.

திரும்பும் வேனில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"குரல் போச்சு" என்றார் ஒரிஜினல். "உச்சத்துக்குப் போற இடமெல்லாம் கூட்டத்தைப் பாட விட்டுட்டார். அதுக்கு டிக்கெட் நாம எடுக்கணுமா? அவர்தான் நமக்குக் காசு தரணும்."

"அப்ப ஏன் சார் அழுதீங்க?" என்றாள் பார்மசி.

"தூசி."

"மைதானத்துல புல்லுதான சார் இருந்துச்சு?"

"நீங்க சொல்லுங்க பல்லக்கா" என்று யாரோ கேட்டார்கள். "பெரியவர் எப்படி?"

கண்ணால் பார்க்காவிட்டாலும் காது தன்பாட்டுக்கு வேலை செய்திருந்தது. மெழுகுப் பல்லை வாயில் வைத்து ஒத்திகை பார்க்கும்போது, நோயாளிகளை "பஸ் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாண்ட்" என்று சொல்லச் சொல்வார் டாக்டர். செட் தளர்ந்திருந்தால் அதில் வரும் விசில் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

"குரல் அப்படியேதான் இருக்கு" என்றாள். "மேல் செட்டுதான் கொஞ்சம் தளர்ந்திருக்கு."

வேன் குலுங்கச் சிரித்தது. ஒரிஜினல்கூடச் சிரித்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, தீர்ப்பு கேட்கிறவரைப்போலக் கையைக் கட்டிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கா, இன்னிக்கா?"

"இன்னிக்குதான்" என்றாள் தங்கை. மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல. இதுதான் பெருசு."

பல்லக்கா கேட்க ஆசைப்பட்ட அதே வாக்கியம். ஒரு வார்த்தை குறையாமல் வந்தது. கேட்டதும் அவளுக்குக் குபீரென்று எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தங்கை முன் சீட்டிலிருந்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து, ஸ்டெப்னியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவின் தோளில் தலை சாய்த்தாள்.

"கூட்டிட்டு வந்தியேக்கா. இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல."

"ம்."

"அந்த மெதுவான பாட்டுல, ஒரே ஒரு கிட்டார் மட்டும் வாசிக்க அவர் முட்டி போட்டு உக்காந்தாரே, பாத்தியா?"

"ஆமாம்."

"எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. உனக்கு?"

"ஆமாம்."

தங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "கடைசில துண்டை வீசினாராமே. எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் கண்ணாடி இல்ல, ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம்க்கா வீசினார்?"

பல்லக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு பெட்ரோல் பங்க் போனது. ஒரு பள்ளிக்கூடச் சுவர் போனது. வாயில் ஏதோ சரியாகப் பொருந்தி உட்கார்வது போலிருந்தது.

"நம்ம பக்கம்தான்" என்றாள்.

"நம்ம பக்கமா?"

"உன் தோளுக்குப் பக்கத்துல. கீழ் வரிசைல ஒருத்தன் எடுத்துட்டுப் போனான். நீ கையை நீட்டியிருந்தா கிடைச்சிருக்கும்."

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக வடிந்தது. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அக்காவின் கையைப் பார்த்தாள்.

"நீ பாத்துட்டுதான இருந்த? நீ ஏன்க்கா நீட்டல?"

"தோணல" என்றாள் பல்லக்கா.